ஒருவர் படுத்துவிட்டாலும் ஓடவேண்டிய குழு
கொழும்பில் நெடுநாள் நோயாளருக்கும் வன்முறையிலிருந்து மீண்டோருக்கும் இணையவழி உதவி வலையமைப்பு தொடங்குவது எப்படி?

நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய், வலிப்பு, மூட்டுவாதம் என்று ஆண்டுக்கணக்கில் கிளினிக் ஏறி இறங்குபவர்கள் ஒரு பக்கம். வீட்டு வன்முறையிலிருந்து வெளியே வந்தவர்கள், வர முயல்பவர்கள் இன்னொரு பக்கம். பலர் இரண்டு பக்கத்திலும் இருப்பார்கள். இவர்களுக்காகக் கொழும்பில் தமிழில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவது பத்து நிமிட வேலை. நான்காம் மாதம் அது உயிரோடு இருப்பதுதான் கஷ்டம். வழக்கமாக நடப்பது இதுதான்: துடிப்பான ஒருவர் தொடங்குவார், 200 பேர் சேர்வார்கள், எல்லாக் கோரிக்கையும் அவர் தலையில் விழும், அவருக்கே நோய் கூடும், இரண்டு கிழமை பதில் இருக்காது, பிறகு குழுவில் காலை வணக்கப் படங்கள் மட்டும் மிஞ்சும்.

இந்த வகைக் குழுக்களில் உதவி கேட்பவரும் நோயாளி, உதவுபவரும் நோயாளி. எனவே எந்த ஏற்பாட்டைச் செய்தாலும் ஒரு கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இன்று பொறுப்பில் இருப்பவர் கட்டிலை விட்டு எழும்ப முடியாமல் போனால் இது நடக்குமா? நடக்காது என்றால் ஏற்பாடு பிழை.

எல்லையைக் கீறுதல்

"கொழும்புத் தமிழர் எல்லோருக்கும்" என்று தொடங்காதீர்கள். வெள்ளவத்தை–தெஹிவளை ஒரு குழு, கொட்டாஞ்சேனை–முகத்துவாரம்–மட்டக்குளி வேறு குழு. பின்னேரம் ஐந்து மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து மட்டக்குளிக்கு ஒரு பெட்டி குளிசை கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்பச் சுகதேகிக்கே அலுத்துவிடும். நடந்தோ சின்ன ஆட்டோ ஓட்டத்திலோ போகக்கூடிய தூரம்தான் உங்கள் எல்லை.

ஆட்கள் தொடக்கத்தில் 12 முதல் 15 வரை போதும். அதில் மூன்று பேர் பொறுப்பாளர்கள். இருவர் போதாது, ஒருவர் வார்டில் இருக்கும்போது மற்றவருக்குக் காய்ச்சல் வந்தால் குழு நின்றுவிடும். மூவரில் ஒருவராவது நோயோ சிக்கலோ இல்லாதவராக இருந்தால் நல்லது. ஆனால் மூவருமே அப்படி இருந்தால், கேட்பவர் கை ஏந்துபவராகவும் கொடுப்பவர் புண்ணியவானாகவும் மாறிவிடுவார்கள்.

அடுத்தது, என்ன செய்வீர்கள் என்பது. முதல் மூன்று மாதத்துக்கு மூன்று வேலை மட்டும்: மருந்து தேடி வாங்கிக் கொடுத்தல், கிளினிக்குக்குக் கூடப் போதல், தனியே இருப்பவரை நாளுக்கு ஒருமுறை விசாரித்தல். காசு, வீடு தேடல், வேலை எடுத்துக்கொடுத்தல், வழக்குப் பேசுதல் எல்லாம் பிறகு. செய்ய மாட்டாதவற்றையும் எழுதி வையுங்கள். "எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்று இங்கே சொல்ல மாட்டோம்" என்பது அதில் முதல் வரி.

போனில் அமைக்கும் விதம்

சிக்னல் பாதுகாப்பானது. 2024 முதல் அதில் தொலைபேசி இலக்கத்தை மறைத்துப் பயனர் பெயரோடு மட்டும் இருக்கலாம். டெலிகிராம் குழுக்களுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இல்லை, அதை விட்டுவிடுங்கள். ஆனால் 60 வயது அம்மாவின் போனில் இருப்பது வாட்ஸ்அப். புதிதாக ஒரு செயலியைப் போட வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஆகவே பொதுவான கோரிக்கைகளுக்கு வாட்ஸ்அப், வன்முறை சம்பந்தப்பட்டவற்றுக்குத் தனியே சிக்னல் என்று பிரிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். இது பலருக்கு உறைப்பதில்லை. அதனால் நேரடியாகக் குழு திறக்காமல் 'கம்யூனிட்டி' ஒன்றைத் திறந்து, அதன் அறிவித்தல் பகுதியில் மட்டும் எல்லோரையும் சேருங்கள். அங்கே புதிய அறிவித்தலைப் பொறுப்பாளர் மட்டுமே போடலாம். ஓர் உறுப்பினரின் இலக்கம் மற்ற உறுப்பினருக்குத் தெரியாது. கோரிக்கைகள் பொறுப்பாளருக்குத் தனிச் செய்தியாக வரட்டும். அவர் பெயரை நீக்கி அறிவித்தலில் போடட்டும். உதவ முன்வருபவர்களுக்கு மட்டும், ஒருவரையொருவர் அறிந்த பத்துப் பேருக்குள், சாதாரணக் குழு ஒன்று இருக்கலாம்.

அமைப்புகளில் மாற்றவேண்டியவை: புதியவரைப் பொறுப்பாளர் அனுமதித்த பிறகே சேர்த்தல், மறையும் செய்திகள் 7 நாள், மூன்று அட்மின். ஒரே அட்மின் இருந்து அவர் வெளியேறினால் வாட்ஸ்அப் தானாக யாரோ ஒருவரை அட்மினாக்கிவிடும், அது யாராகவும் இருக்கலாம். ஒவ்வொருவரும் தம் போனில் ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்புப் பின் போடவேண்டும்.

இன்னொன்று. மறையும் செய்தி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். குழுவுக்கு வந்த மருந்துத் துண்டின் (வைத்தியர் எழுதிய மருந்துச் சீட்டின்) படம் போனின் கேலரியில் தானாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம்; அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்குப் போயிருக்கலாம்; வீட்டு டிவியில் பிள்ளையின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே யாரோ ஒருவரின் மனநலக் கிளினிக் துண்டும் வந்து நிற்கும். வாட்ஸ்அப் அமைப்பில் படங்கள் கேலரியில் தெரிவதை நிறுத்துங்கள். புதிதாகச் சேர்பவருக்கு இதைச் சொல்லிவிட்டால் போதாது. அவர் போனைக் கையில் வாங்கி, காட்டி, மாற்றிக் கொடுங்கள்.

எதை எழுதி வைப்பது, எதை வைக்கக்கூடாது

சேர்பவரிடம் ஐந்து விடயம் போதும்: எப்படி அழைப்பது, எந்தப் பகுதி, எந்த நேரத்தில் எந்த வழியில் தொடர்பு கொள்ளலாம், அவசரத்துக்கு ஒருவர், என்ன உதவி தேவைப்படலாம் அல்லது தரலாம். அடையாள அட்டை இலக்கம், முழு முகவரி, நோயின் பெயர் எதுவும் வேண்டாம். லொசார்டன் என்ற மருந்தை வாங்கிவரப் போகிறவருக்கு லொசார்டன் என்பது தெரிந்தால் போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலை விசேட வகையாகவே கொள்கிறது.

ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு கொடுங்கள்: வெ-07, தெ-03 என்று. கூகுள் ஷீட்டில் குறியீடு மட்டும். குறியீடு யாருடையது என்ற பட்டியல் ஒரு கொப்பியில், கையெழுத்தில், இரண்டு பொறுப்பாளர் வீடுகளில் ஒவ்வொரு பிரதி. ஷீட்டுக்கு ஆறு நிரல் போதும்: குறியீடு, தேதி, தேவை, கெடு, எடுத்தவர், முடிந்ததா. அந்த ஷீட் ஒருவரின் சொந்த ஜிமெயிலில் இருக்கக்கூடாது. குழுவுக்கெனத் தனிக் கணக்கு திறந்து, மீட்பு இலக்கமாக இரண்டாம் பொறுப்பாளரின் போனைக் கொடுங்கள். இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம் என்ற தெரிவில் ஷீட்டை விட்டுவைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அந்த இணைப்பு எங்கெல்லாம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

கோரிக்கையின் வடிவம்

"யாராவது உதவ முடியுமா, அவசரம்" என்ற செய்திக்கு எவரும் அசைய மாட்டார்கள். எல்லோரும் மற்றவர் பார்ப்பார் என்றிருப்பார்கள். கோரிக்கை இப்படி இருக்கட்டும்:

வெ-07. திங்கள், 14ஆம் தேதி. லொசார்டன் 50 மில்லிகிராம், 30 குளிசை. துண்டு இருக்கிறது. கையில் புதன் பின்னேரம் வரை மருந்து உண்டு. பாமன்கடைப் பக்கம். காசு தேவையில்லை, போய் வாங்க ஆள்தான் தேவை.

தேதியும் கெடுவும் இல்லாத கோரிக்கையைப் பொறுப்பாளர் போடக்கூடாது. இரத்தம் கேட்கும் செய்திகளுக்கு இது இன்னும் பொருந்தும். நோயாளி குணமாகி வீடு போய், அல்லது இறந்தே போய், இரண்டு ஆண்டுக்குப் பிறகும் "அவசரம் ஓ நெகட்டிவ்" என்று சுற்றிக்கொண்டிருக்கும் செய்திகள் எத்தனை! வைத்தியசாலை, வார்ட், தேதி, எப்போதோடு தேவை முடிகிறது என்ற நான்கும் இல்லாவிட்டால் முன்னனுப்ப வேண்டாம். நாரஹேன்பிட்டியில் தேசிய இரத்த நிலையம் இருக்கிறது. ஒருமுறை கொடுத்தவர் மறுமுறை கொடுக்க 4 மாதம் இருக்கவேண்டும். கடைசியாகக் கொடுத்த தேதியை ஷீட்டில் குறித்து வைத்தால் வீண் அலைச்சல் குறையும்.

எடுப்பவர் "எடுத்தேன்" என்று எழுதவேண்டும், முடிந்ததும் "முடிந்தது". எடுத்தேன் என்றவரிடமிருந்து நான்கு மணித்தியாலம் சத்தம் இல்லையென்றால் கோரிக்கை தானாகத் திரும்பவும் திறந்ததாகக் கொள்ளவேண்டும். இதற்கு யாரும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, யாரும் முகம் சுளிக்கவும் தேவையில்லை. எடுத்தவருக்கு அன்றைக்கே வலி கூடியிருக்கலாம். விதியை முன்பே சொல்லிவைத்தால் அது மனத்தாங்கலாக மாறாது.

குரல் செய்தி பற்றியும் ஒரு சொல். எழுத வாசிக்கக் கஷ்டப்படுபவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் காது கேளாதவருக்கும், பஸ்ஸில் நசுங்கி நிற்பவருக்கும், அறையில் கணவன் இருக்கும் பெண்ணுக்கும் அது பயன்படாது. குரல் செய்தி எதற்கும் கீழே ஒரு வரி எழுத்து இருக்கட்டும்.

மருந்து

பெரும்பாலான கோரிக்கைகள் இதைப் பற்றித்தான் வரும், பிழைகளும் இங்கேதான் நடக்கும்.

முதல் விதி: குழு மருந்தைத் தேடும், துண்டு உள்ளவருக்காக வாங்கும், ஒருவர் வீட்டில் மிஞ்சியதை இன்னொருவருக்குக் கைமாற்றாது. மருந்து விற்பனைக்கும் விநியோகத்துக்கும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், மட்டையிலிருந்து வெட்டிய நான்கு குளிசையில் காலாவதித் தேதி இருக்காது, பலம் எத்தனை மில்லிகிராம் என்பதும் இருக்காது. நித்திரைக் குளிசை, மனநல மருந்து, மோர்ஃபின், மிஞ்சிய அன்டிபயோட்டிக் ஆகியவற்றுக்கு எந்த விதிவிலக்கும் வேண்டாம்.

தேடும்போது வர்த்தகப் பெயரால் தேடாதீர்கள். வைத்தியர் எழுதிய மருந்தின் மூலப் பெயர், பலம், வகை மூன்றும் வேண்டும். நீரிழிவு மருந்தான மெட்ஃபோர்மின் 500 வேறு, மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகை வேறு. பின்னதை இரண்டாக உடைத்துக் குடிக்கக்கூடாது. பார்மசியில் சாதாரண வகையை மாற்றித் தந்தால் துண்டு எழுதியவரிடமோ மருந்தாளரிடமோ கேட்காமல் வாங்கவேண்டாம். முதலில் ஒசுசலவுக்கு அழைத்துக் கேளுங்கள். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கடைகள் அவை. அங்கே இல்லாவிட்டால்தான் தனியார் பார்மசி. மூன்று பேர் மூன்று கடைக்கு நேரில் போவதைவிட, வீட்டில் படுத்திருக்கும் ஒருவர் பத்துக் கடைக்கு அழைப்பது நல்லது. நடக்க முடியாத உறுப்பினருக்கு ஏற்ற வேலையும் இதுதான். இதற்கு அவருக்கு ரீலோட் போட்டுக் கொடுப்பது மற்ற உறுப்பினரின் பொறுப்பு.

எல்லா மருந்துத் தட்டுப்பாடும் ஒரே அவசரம் அல்ல. பொறுப்பாளர் கையில் ஒரு சிவப்புப் பட்டியல் இருக்கட்டும்: இன்சுலின், வலிப்பு மருந்துகள், நீண்டகாலம் எடுத்த பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட், இரத்தம் உறையாமல் தடுக்கும் வோர்ஃபரின், உறுப்பு மாற்றியவர் எடுக்கும் டக்ரோலிமஸ் போன்றவை, இருதயத்துக்கான பீட்டா தடுப்பிகள். இவை திடீரென்று நின்றால் ஆபத்து. ஆகவே கையில் ஏழு நாளுக்கு உள்ளபோதே கோரிக்கை வரவேண்டும். தைரொயிட் குறைவுக்கு எடுக்கும் தைரொக்ஸின் உடலில் மெல்லக் குறையும் மருந்து. ஒருநாள் இரண்டு நாள் தாமதத்துக்காக இரவு ஒன்பது மணிக்கு ஆளை ஓட்டத் தேவையில்லை. சிவப்புப் பட்டியல் மருந்து தீர்ந்தே போய்விட்டால் குழுவில் தேடிக்கொண்டிராமல் கிளினிக் கொப்பியோடு வைத்தியசாலைக்குப் போகச் சொல்லுங்கள்.

இன்சுலினுக்குத் தனிக் கவனம். திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்கவேண்டும். திறந்தபின் பெரும்பாலான வகைகள் வெயில் படாத அறையில் ஏறக்குறைய நான்கு கிழமை தாங்கும். சரியான நாட்கணக்கு பெட்டிக்குள் உள்ள தாளில் இருக்கும். கொண்டுபோக வாய் அகன்ற ஃபிளாஸ்க் எடுங்கள். அடியில் ஐஸ் பக்கெட், மேலே இரண்டாக மடித்த துவாய், அதன்மேல் பொலிதீன் பையில் குப்பி. குப்பி ஐஸைத் தொடக்கூடாது. உறைந்த இன்சுலின் உருகினாலும் பயனில்லை. பார்க்க நல்லதுபோல் இருக்கும், வேலை செய்யாது. ஆட்டோவின் முன்தட்டில் வைப்பது, ஃபிரிஜ்ஜின் ஐஸ் உறையும் பெட்டிக்குள் (ஃபிரீசர்) வைப்பது இரண்டும் அடிக்கடி நடக்கும் பிழைகள். ஃபிரிஜ் இல்லாத வீட்டில் ஈர மணலில் புதைத்த மண்பானை உதவும். ஆனால் கொழும்பு ஈரலிப்பில் அது வறண்ட ஊர்களில்போலக் குளிராது. பக்கத்து வீட்டு ஃபிரிஜ்ஜில் ஒரு தட்டு கேட்டு வைப்பது மேல்.

சென்னையிலிருந்து உறவினர் கொண்டுவரும் குப்பியை மிகக் கவனமாகப் பாருங்கள். இந்தியாவில் ஒரு மில்லிலீட்டருக்கு 40 அலகு உள்ள குப்பிகள் வழக்கில் உண்டு. 100 அலகுக் குப்பிகள் வேறு. இரண்டுக்கும் ஊசி வேறு. 100 அலகுக் குப்பியை 40 அலகு ஊசியால் இழுத்தால் இரண்டரை மடங்கு இன்சுலின் ஏறும். மாறி நடந்தால் ஐந்தில் இரண்டு பங்குதான் ஏறும். முதலாவது பிழையில் ஆள் மயங்கி விழுவார். குப்பியில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் ஒப்படைக்கக்கூடாது.

கிளினிக்குக்குக் கூடப் போதல்

கொழும்பில் தமிழ் நோயாளிக்குத் துணை தேவைப்படுவது கால் வலிக்காக மட்டும் அல்ல, மொழிக்காகவும். துண்டு ஆங்கிலத்தில், தாதி சொல்வது சிங்களத்தில், மருந்துப் பையில் பேனாவால் எழுதியதும் பல இடத்தில் சிங்களத்தில். துணை போகிறவருக்கு இந்த ஆறு சொல் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்: உதே என்றால் காலை, தவல் பகல், ரே இரவு, கேமட பெர சாப்பாட்டுக்கு முன், கேமட பசு சாப்பிட்ட பின், பெத்த குளிசை. துண்டில் பீ.டீ. என்று இருந்தால் நாளுக்கு இருமுறை, டீ.டீ.எஸ். மூன்று முறை, மானே காலை, நொக்டே இரவு. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு பையிலும் தமிழில் எழுதிவிடுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்குச் சூரியனும் நிலாவும் கீறினால் போதும்.

துணை போகிறவர் கொண்டு வரவேண்டிய தகவல் மூன்று: எந்த மருந்து மாறியது, என்ன பரிசோதனை, அடுத்த தேதி. இந்த மூன்றையும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் தமிழில் குறித்து நோயாளியிடமே கொடுக்கவேண்டும். குழுவுக்கு "முடிந்தது" என்ற ஒரு சொல் போதும்.

கிளினிக்குக்கு விடிய முன்பே போய் இலக்கம் எடுக்கவேண்டியிருக்கும். ஒரே ஆள் காலை ஐந்திலிருந்து பிற்பகல் இரண்டுவரை நிற்பது ஆகாது. வரிசைக்கு ஒருவர், வைத்தியரைப் பார்க்கும் நேரத்துக்கு மொழி தெரிந்த ஒருவர், மருந்து எடுக்க ஒருவர் என்று உடையுங்கள். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கவேண்டிய நீரிழிவு நோயாளிக்குப் பரிசோதனை முடிந்தவுடன் சாப்பிட ஏதாவது பையில் இருக்கட்டும். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகிறவர் புறக்கோட்டையில் 138 ஏறலாம். ஆனால் கீமோ முடிந்து வாந்தியோடு அதே பஸ்ஸில் திரும்ப முடியாது. டயலிசிஸும் அப்படித்தான், ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் இயந்திரத்தில் இருந்துவிட்டு வருபவருக்குத் தலை சுற்றும். ஆகவே வாகனத்துக்குக் காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதைத் திரும்பும் பயணத்துக்கு வையுங்கள்.

நாள் விசாரிப்பு

தனியே வாழ்பவர் காலை 9 மணிக்குள் ஒரு பூவோ தேநீர்க் கோப்பையோ அனுப்பவேண்டும். 11 மணிவரை வராவிட்டால் முறைக்காரர் அழைப்பார். ஒரு மணிக்குள் பதில் இல்லையென்றால் முன்பே பெயர் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கோ மாடிக் காவலருக்கோ அழைப்பு. யார் கதவைத் தட்டலாம், யாரிடம் சாவி உண்டு என்பதை அவர் வாயாலேயே கேட்டு வைத்திருக்கவேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, நினைவிழப்பு என்றால் நேரே 1990, சுவசெரிய அம்புலன்ஸ். குழுவில் எழுதி யோசனை கேட்கும் நேரம் அதுவல்ல.

மீண்டவர்களோடு

இங்கே சேதம் வருவது பெரும்பாலும் அன்பால், அவசரப்பட்ட அன்பால். முதல் உரையாடலிலேயே நடந்ததைச் சொல்லச் சொல்லாதீர்கள். கேட்கவேண்டியது மூன்று: எந்த நேரத்தில் கதைக்கலாம்? எந்த வழியில்? போனை வேறு யாராவது எடுத்தால் நாங்கள் யார் என்று சொல்லவேண்டும்? "தையல் கடையிலிருந்து, அளவு கேட்க" என்பதுபோல் ஒரு பதில் இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஆபத்து என்றால் எழுதவேண்டிய ஒரு சாதாரணச் சொல்லையும் முடிவு செய்யுங்கள்: "வெள்ளைப் பச்சையரிசி இருக்கா?" என்று வந்தால் உடனே பொலிஸின் 119க்கு அழைக்கவேண்டுமா, அக்காவுக்கு அழைக்கவேண்டுமா என்பதை அவரே சொல்லி வைத்திருக்கவேண்டும்.

அவரைக் கேட்காமல் எந்தக் குழுவிலும் சேர்க்காதீர்கள். குழுவுக்கு "பெண்கள் பாதுகாப்பு" என்று பெயரும் வேண்டாம். பூட்டிய திரையிலும் அந்தப் பெயர் தெரியும். "சமையல் குறிப்பு" போதும். பொதி எதையும் வீட்டு முகவரிக்கு அனுப்பவேண்டாம்.

போன் கணவன் வாங்கிக் கொடுத்ததாக இருக்கலாம், சிம் அவர் பெயரில் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறந்தால் வேறு கணினியில் இந்தக் கணக்கு திறந்திருக்கிறதா என்று தெரியும். கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வையும் பாருங்கள். ஆனால் கண்டவுடன் நீக்கிவிடாதீர்கள்! நீக்கினால் மறுபக்கத்தில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும், அன்றிரவு வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது. எப்போது நீக்குவது என்பது அவர் வெளியேறும் திட்டத்தோடு சேர்ந்தது. அதுவரை முக்கியமான உரையாடலை வேறு போனில், நம்பிக்கையான ஒருவரின் போனில் வைத்துக்கொள்ளலாம்.

மறையும் செய்தி இங்கே இருபக்கமும் வெட்டும். உதவிக் குழுவோடு கதைப்பது மறையட்டும். மிரட்டுபவரின் உரையாடலில் அதை நிறுத்தி, தேதியும் இலக்கமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அந்தப் போனில் இல்லாத ஓரிடத்தில் வைக்கவேண்டும். கோபத்தில் அழித்துவிட்டால் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டல் என்றால் ஸ்டொப்என்சிஐஐ (StopNCII.org) என்ற சேவை இருக்கிறது. படம் போனை விட்டுப் போகாமல் அதன் எண்முறைக் கைரேகை மட்டும் சமூக ஊடக நிறுவனங்களுக்குப் போகும்.

சட்டப் பக்கத்தில் குழுவினர் தெரிந்திருக்கவேண்டியது கொஞ்சம்தான். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை, முழுக் கட்டளை 12 மாதம் வரை. பாதிக்கப்பட்டவரே விண்ணப்பிக்கலாம், அவர் சார்பில் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்கலாம். விமன் இன் நீட் அமைப்பும் சட்ட உதவி ஆணைக்குழுவும் இதற்கு உதவும். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938, சிறுவருக்கு 1929, மனநல உதவிக்கு 1926. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் வன்முறைக்கு ஆளானோருக்காக மிதுரு பியச, தமிழில் நட்பு நிலையம், என்ற பிரிவு உண்டு. கிளினிக்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடிய இடம் என்பதால் பலருக்கு அதுவே முதல் கதவு. கூடப் போகிறவர் மொழிபெயர்க்கலாம். கணவன் வீட்டார், பெற்ற பிள்ளை இவர்களை மட்டும் மொழிபெயர்க்க விடாதீர்கள். போ என்றோ இரு என்றோ சொல்வதும் குழுவின் வேலையல்ல.

இந்தப் பகுதியைப் பார்ப்பவர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அவர்கள் பொதுக் கோரிக்கைகளைப் பார்க்கும் முறையில் இருக்கக்கூடாது. கேட்டுக் கேட்டு நித்திரை போகும். மாதம் ஒருமுறை அவர்களைக் கட்டாயமாக மாற்றுங்கள்.

காசு

சீட்டுப் பிடித்துப் பழகிய சமூகத்துக்குக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆனால் சீட்டில் போடுபவரே எடுப்பார். இங்கே அப்படியில்லை, அதனால் சந்தேகம் சீக்கிரம் முளைக்கும். முதல் மூன்று மாதம் பொது நிதியே வேண்டாம். கொடுப்பவர் நேரே பார்மசிக்குக் கட்டட்டும். பிறகு தொடங்கினால் ஒரு கோரிக்கைக்கு 5,000 ரூபாய் போன்ற ஓர் உச்சம், காசை விடுவிக்க இரண்டு பேர் சம்மதம், பற்றுச்சீட்டில் பெயரை மறைத்த படம், ஞாயிறுதோறும் வந்தது–போனது–மிச்சம் என்று மூன்று வரி.

உறுப்பினர் கணக்கிலிருந்தே "அவசரமாக 20,000 போடுங்கள்" என்று செய்தி வந்தால், கணக்கு திருடப்பட்டிருக்கிறது என்று முதலில் நினையுங்கள். குரல் அழைப்பு எடுத்து, குரலைக் கேட்ட பிறகே காசு. ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், பொறுப்பாளரே கேட்டாலும், சொல்லக்கூடாது.

டொரொண்டோவிலும் லண்டனிலும் இருந்து உதவ வருபவர்கள் சிலர் பெற்றவரின் படம் கேட்பார்கள். மரியாதையாக மறுத்துவிடுங்கள். பற்றுச்சீட்டும் குறியீடும் போதாது என்பவரின் காசு இல்லாமலே ஓடலாம். வெளிநாட்டுக் காசு வழமையாக வரத் தொடங்கினால், பதிவு தேவையா என்று சட்டத்தரணி ஒருவரைக் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

களைப்பும் முறையும்

பொறுப்பாளர் முறை ஒரு தடவைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இல்லை. இரவு 9 முதல் காலை 7 வரை குழு மூடியிருக்கும்; அந்த நேரத்துக்கான அவசர இலக்கங்கள் அறிவித்தலில் பொருத்தி வைக்கப்பட்டிருக்கும். முறையை விட்டுக்கொடுக்கக் காரணம் சொல்லத் தேவையில்லை, "இன்று முடியாது" என்ற இரண்டு சொல் போதும். யார் அதிகம் செய்தார் என்ற கணக்கு வேண்டாம். அந்தக் கணக்கு தொடங்கிய இடத்தில் நோய் கூடியவர் கூச்சத்தில் கேட்பதை நிறுத்துவார்.

மின்சாரமும் வலையும் இல்லாத நாளுக்கும் ஏற்பாடு வேண்டும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. ஒவ்வொருவரும் மூன்று இலக்கங்களைத் தாளில் எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டட்டும். சாதாரண எஸ்எம்எஸ் சங்கிலி ஒன்று இருக்கட்டும்: ஒருவர் மூவருக்கு, மூவர் மும்மூவருக்கு.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். ஒருவர் இறந்தால் சில காலத்தில் அவருடைய இலக்கம் வேறொருவருக்குப் போய்விடும். அந்த அந்நியர் கையில் உங்கள் குழு இருக்கக்கூடாது. குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டு இலக்கத்தை நீக்கி, கொப்பியில் அந்த வரியை வெட்டி, முடிந்த கோரிக்கைகளை ஷீட்டிலிருந்து அழியுங்கள்.

மாதத்தில் ஒருநாள், முன்னறிவிப்பு இல்லாமல், பிரதான பொறுப்பாளர் தன் போனைக் காலையிலிருந்து இரவுவரை அணைத்து வைக்கட்டும். மறுநாள் ஷீட்டைத் திறந்து எந்தக் கோரிக்கை எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். அநேகமாக ஏதோ ஒரு கடவுச்சொல்லோ, ஒரு பார்மசிக்காரரின் இலக்கமோ, யாரோ ஒருவரின் வீட்டுச் சாவியோ அவரிடம் மட்டும் இருந்திருக்கும். அன்றே அதை இன்னொருவர் கையிலும் கொடுங்கள்.